புவெப்லோ தண்ணீர்க்குடம்: அடியிலிருந்து மேலே

அருங்காட்சியகத்தில் ஒரு புவெப்லோ தண்ணீர்க்குடத்தைப் பார்க்கிறவர் கண் முதலில் போவது அதன்மேல் தீட்டியிருக்கும் ஓவியத்துக்குத்தான். வெள்ளைப் பரப்பில் கறுப்பும் செங்காவியுமாகப் பறவை, மான், மேகம், நெளிகோடு. அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குடத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஓவியத்தைச் சற்று நேரம் மறந்துவிட்டு, அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பேன். அடி, வயிறு, தோள், கழுத்து, வாய் என்று ஒவ்வொன்றும் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டால், தண்ணீரைச் சிந்தாமல் சுமந்து நடக்க வேண்டியிருந்தது என்ற ஒரே பதிலுக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து சேருவோம்.

முதலில், இவர்கள் யார்? அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும், கல்லாலும் மண்ணாலும் அடுக்கடுக்காக வீடு கட்டி, சோளம் பயிரிட்டு, ஊராகக் கூடி வாழ்ந்துவரும் பழங்குடிச் சமூகங்களைச் சேர்த்துப் புவெப்லோ மக்கள் என்கிறார்கள். அது ஸ்பானியர்கள் வைத்த பெயர். நியூ மெக்சிகோவில் மட்டும் இன்று 19 புவெப்லோக்கள் இருக்கின்றன. அகோமா, ஜூனி, ஸியா, லகூனா, சாண்டா கிளாரா, சான் இல்டெஃபான்சோ எல்லாம் அதில் அடக்கம். ஹோப்பி மக்களின் ஊர்கள் அரிசோனாவில் உள்ளன. எல்லோரும் ஒரே மொழி பேசுகிறவர்கள் இல்லை. ஜூனி மொழிக்கு உலகில் உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் தனி மண், தனி நிறம், தனி வடிவம் உண்டு. பழகிய கண்ணுக்குக் குடத்தைப் பார்த்ததும் ஊர் தெரிந்துவிடும்.

பூமி வறண்ட பூமி. பல இடங்களில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 250 முதல் 300 மில்லிமீட்டர்தான். அகோமாவை எடுத்துக்கொள்வோம். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 110 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் ஒரு மணற்பாறை மேட்டின் உச்சியில் அந்த ஊர் இருக்கிறது. குறைந்தது 12-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே மக்கள் வாழ்கிறார்கள். மேலே ஊற்று கிடையாது. பாறையில் இயற்கையாகவே அமைந்த பள்ளங்களில் மழைநீரும் பனி உருகிய நீரும் தேங்கும், அதுதான் குடிநீர். அது வற்றினால் கீழே இறங்கி, பாறையில் வெட்டிய படிகளில் கையால் பற்றும் குழிகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். 1904-இல் எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த புகழ்பெற்ற புகைப்படம் ஒன்றில், அகோமாப் பெண்கள் அந்தப் பாறைக் குளத்தின் ஓரத்தில் குடங்களோடு இருப்பதைப் பார்க்கலாம். படி ஏறும்போது இரண்டு கையும் தேவை. அப்படியென்றால் குடம் எங்கே போகும்? தலைக்குத்தான்.

சரி, இப்போது குடத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நம் ஊர் மண்குடத்தின் அடி வெளிப்பக்கமாக உருண்டிருக்கும். இடுப்பில் அணைத்துச் சுமக்கும்போது அந்த உருட்சி உடம்போடு இசைந்துகொள்ளும். புவெப்லோ குடத்தில் அடி உள்பக்கமாகக் குழிந்திருக்கும். குழிவு உச்சந்தலையின் வளைவில் வந்து உட்காரும். யூக்காச் செடியின் நீண்ட இலைகளைப் பின்னி வளையமாக்கிய சும்மாட்டைத் தலைக்கும் குடத்துக்கும் நடுவே வைப்பார்கள். குழிவும் வளையமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால் குடம் பக்கவாட்டில் நழுவாது. வீட்டுக்கு வந்து மண்தரையில் இறக்கி வைத்தால், குழிவைச் சுற்றியுள்ள விளிம்பே ஒரு பீடமாகிவிடும். தரை சற்று மேடு பள்ளமாக இருந்தாலும் குடம் ஆடாமல் நிற்கும்.

அடியிலிருந்து மேலே வந்தால் குடம் அகன்றுகொண்டே போகும். நடுவிலோ அதற்குச் சற்று மேலோதான் மிக அகலம். பிறகு தோள் சட்டென்று உள்ளே திரும்பும், கழுத்து குறுகும். நடக்கும்போது குடத்துக்குள் தண்ணீர் அலைமோதும் அல்லவா? அந்த அலை சுவரில் ஏறி வெளியே வரப் பார்க்கும்போது, உள்நோக்கி வளைந்த தோள் அதைத் திருப்பிக் கீழேயே அனுப்பிவிடுகிறது. அதையும் தாண்டி வருவதைக் குறுகிய கழுத்து தடுத்துவிடும். அப்படியானால் கழுத்தைப் புட்டி மாதிரி இன்னும் குறுக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. குளத்தில் தண்ணீர் குறைவாகக் கிடந்தால் குடத்தை முழுக்க அமிழ்த்த முடியாது, சுரைக்குடுக்கையால் மொண்டுதான் ஊற்ற வேண்டும். வீட்டிலும் அதே குடுக்கையை உள்ளே விட்டுத்தான் குடிக்க எடுப்பார்கள். தவிர, செய்கிறவர் கை உள்ளே போய்ச் சுவரைச் சுரண்ட வேண்டும். சிந்தவும் கூடாது, கையும் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த அளவுதான் அந்த வாய்.

ஒரு நடுத்தரக் குடம் முப்பது சென்டிமீட்டர் குறுக்களவும் அதற்குச் சற்றுக் குறைந்த உயரமும் இருக்கும். பத்து லிட்டர் பிடிக்கிறது என்று வைத்தால் தண்ணீர் மட்டும் பத்துக் கிலோ. இதற்குமேல் குடத்தின் எடை வேறு. குடம் கனத்தால் அந்தக் கனம் முழுக்க வீண் சுமை. அதனால்தான் அகோமாக் குடங்களின் சுவர் அவ்வளவு மெலிது, சில மில்லிமீட்டர்தான். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். அவ்வளவு மெலிதான சுவர் உலரும்போதும் சுடும்போதும் வெடிக்காமல் இருக்க வேண்டுமே, அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

வெறும் களிமண் உலரும்போது நிறையச் சுருங்கும், சுருங்கினால் விரிசல் விடும். அதனால் களிமண்ணோடு சுருங்காத ஏதாவது பொடியைக் கலக்க வேண்டும். ரியோ கிராண்டே ஆற்றோரத்து ஊர்களில் எரிமலைச் சாம்பல் கலப்பார்கள். ஸியாவில் கறுப்பு எரிமலைக் கல்லை இடித்துச் சேர்ப்பார்கள். அகோமாவிலும் ஜூனியிலும் சேர்ப்பது உடைந்த பழைய பானைகளின் சில்லு. ஊரைச் சுற்றிக் கிடக்கும் ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி, அம்மியில் மாவாக அரைத்துப் புது மண்ணோடு பிசைகிறார்கள். அந்தச் சில்லும் ஒரு காலத்தில் பானையாக இருந்தபோது தனக்கு முந்தைய பானைகளின் பொடியைத் தனக்குள் வைத்திருந்ததுதான். பாட்டிக்குப் பாட்டி செய்த குடத்தின் துகள் இன்று பேத்தி செய்யும் குடத்தின் சுவரில் இருக்கிறது. ஏற்கெனவே சுடப்பட்ட ஓடு உலரும்போது மறுபடி சுருங்காது, நெருப்பில் சூடேறி ஆறும்போது புதுக் களிமண் விரிவதும் சுருங்குவதும் எந்த அளவிலோ ஏறக்குறைய அதே அளவில்தான் இதுவும். தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் இதைவிடப் பொருத்தமான கலவை கிடைப்பது கடினம்.

மண்ணை வெட்டி எடுப்பதே ஒரு மரியாதைக்குரிய காரியம். பல புவெப்லோக்களில் களிமண்ணைத் தாயாகக் கருதி, எடுப்பதற்கு முன் வேண்டிக்கொண்டு, சிறிது சோளமாவு படைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். தேவைக்கு மேல் எடுப்பதில்லை. எடுத்த மண்ணை உலர்த்தி, கல்லும் வேரும் பொறுக்கி, இடித்து, சலித்து, ஊறவைத்து, பிசைந்து தயார் செய்வதற்கே நாள்கணக்கில் ஆகும். குடம் வனைவது அதில் ஒரு சிறு பங்கு வேலைதான்.

சக்கரம் கிடையாது. ஆழமில்லாத ஒரு தட்டில் மண்ணை அப்பி அடியை உருவாக்குவார்கள். அந்தத் தட்டுக்கு ரியோ கிராண்டேப் பக்கம் பூக்கி என்று பெயர். பிறகு களிமண்ணை உள்ளங்கையில் உருட்டிக் கயிறு மாதிரி திரித்து, அடியின் விளிம்பில் சுற்றி வைத்து, விரலால் அழுத்தி இணைப்பார்கள். அதன்மேல் இன்னொரு திரி, அதற்கும் மேல் இன்னொன்று. நடுவில் கொஞ்சம் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே உயரத்தை ஏற்றினால் கீழ்ப்பகுதி தன் பாரத்திலேயே அமுங்கிவிடும். காய்ந்த சுரைக்குடுக்கையின் ஓட்டைத் துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. உள்ளே ஒரு துண்டை வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளி வயிற்றை அகலமாக்குவார்கள். தோள் திரும்பும் இடம்தான் ஆபத்தான கட்டம். வெளியே போய்க்கொண்டிருந்த சுவரை உள்ளே மடக்க வேண்டும், ஆனால் சரிந்துவிடக் கூடாது. தோளில் ஒரு முறிவும் இல்லாமல் வளைந்து கழுத்துக்குப் போகும் குடத்தைப் பார்த்தால், செய்தவர் கை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

உலர்ந்ததும் சுரண்டி, தேய்த்து, வெண்களிமண் குழம்பை மேலே பூசுவார்கள். ஈரம் முழுக்கப் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அம்மாவிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்த மெருகுக் கற்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. தூரிகை யூக்கா இலைதான். இலை நுனியை மென்று சதையை நீக்கினால் நார் மட்டும் மிஞ்சும், அதில் எத்தனை இழை வேண்டுமோ அத்தனை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். இரண்டு மூன்று இழை விட்டால் முடியளவு கோடு வரும். கறுப்பு மையை ஒரு காட்டுக்கீரையை மணிக்கணக்கில் காய்ச்சி, பாகு போல வற்றவைத்து, கட்டியாக உலர்த்தி எடுப்பார்கள். இளசாக இருந்தால் அதே கீரை சமையலுக்கும் போகும். இந்த மையோடு இரும்புச் சத்துள்ள கல்லை அரைத்துச் சேர்ப்பதும் உண்டு.

சுடுவதற்குச் சூளை கட்டுவதில்லை. திறந்த வெளியில், காற்றில்லாத விடியற்காலையில், பானைகளைக் கல்லின்மேலோ கம்பித் தட்டின்மேலோ அடுக்கி, எரிபொருள் நேராகப் படாமல் இருக்க ஓட்டுச் சில்லாலோ தகரத்தாலோ மறைத்து, சுற்றிலும் சாண வறட்டியை அடுக்கித் தீ வைப்பார்கள். ஆட்டுப்பட்டித் தரையில் புழுக்கை மிதிபட்டு இறுகிக் கிடக்கும், அதைப் பாளமாக வெட்டியெடுத்தாலும் நன்றாக எரியும். இந்த எரிபொருள் 1598-இல் குடியேறிய ஸ்பானியர்கள் கொண்டுவந்த ஆடு மாடுகளோடு வந்தது. அதற்கு முன் விறகு. ஹோப்பி மக்கள் மட்டும் ஸ்பானியர் வருகைக்கு முன்பே நிலக்கரியை வெட்டியெடுத்துப் பானை சுட்டிருக்கிறார்கள். தீ அணைவதற்கு முன் பொடிச் சாணத்தைக் கொட்டிக் காற்றை அடைத்துவிட்டால் புகை பானைக்குள் ஏறிப் பளபளக்கும் கருநிறம் வரும். சாண்டா கிளாராக் கறுப்புக் குடங்கள் அப்படி வந்தவைதான்.

திறந்த நெருப்பில் கிடைக்கும் வெப்பம் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி செல்சியசுக்குள்தான். அந்த வெப்பத்தில் களிமண் கல்லாக இறுகும், ஆனால் கண்ணாடியாக உருகிச் சேராது. சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அப்படியே இருக்கும். பீங்கான் செய்கிறவருக்கு இது குறை. வறண்ட ஊரில் தண்ணீர் வைக்கிறவருக்கு இதுதான் வரம். உள்ளே இருக்கும் நீர் மெல்லக் கசிந்து வெளிச்சுவரை ஈரமாக்குகிறது. காய்ந்த காற்றில் அந்த ஈரம் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைக் குடத்திலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, தண்ணீர் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். நியூ மெக்சிகோவின் காற்று இதற்கென்றே அமைந்தது போலக் காய்ந்தது. கசிவு அதிகமானால் தண்ணீர் வீணாகும். மெருகேற்றிய மேற்பூச்சு துளைகளை ஓரளவு அடைத்துக் கசிவைக் கட்டுப்படுத்துகிறது. அலங்காரத்துக்கு மட்டும் என்று நாம் நினைக்கும் பளபளப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது.

எல்லா நீரும் தலையில்தான் போயிற்று என்று நினைக்க வேண்டாம். ஹோப்பி ஊர்கள் பாறை மேடுகளின் உச்சியில் இருக்கின்றன, ஊற்றுகள் அடிவாரத்தில். அங்கே பெண்கள் பெரிய மண்குப்பிகளை முதுகில் சுமந்தார்கள். ஒரு பக்கம் உப்பி, முதுகில் படும் பக்கம் தட்டையாக, சிறு கழுத்தோடு இருக்கும் குப்பி. இரு புறமும் காதோ குமிழோ வைத்து, கயிறோ துணியோ கட்டி, அதை நெற்றியில் மாட்டிக் குனிந்து ஏறுவார்கள். இதே வடிவில் சிறியதாகச் செய்ததை வயலுக்குப் போகிற ஆண்கள் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு பக்கம் தட்டையான பானையைப் பார்த்தால் கோணலாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது முதுகுக்கு அளவெடுத்தது.

இனி ஓவியத்துக்கு வரலாம். தண்ணீர் வைக்கும் பாத்திரத்தில் தண்ணீரையே வரைகிறார்கள். படிப்படியாக ஏறும் முக்கோணங்களை மேகம் என்பார்கள், நெருக்கமான மெல்லிய கோடுகளை மழை என்பார்கள். சான் இல்டெஃபான்சோவிலும் சாண்டா கிளாராவிலும் கொம்புள்ள நீர்ப்பாம்பு குடத்தைச் சுற்றி நெளியும், அதன் பெயர் அவான்யு. சாண்டா கிளாராக் குடங்களின் தோளில் கரடியின் பாதத்தை அழுத்திப் பதிப்பார்கள். பஞ்ச காலத்தில் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கரடிதான் வழிகாட்டியது என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. ஜூனியில் மானின் வாயிலிருந்து இதயம் வரை ஒரு சிவப்புக் கோடு போகும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே அர்த்தம்தான் என்று அகராதி போடுவது வெளியாட்களின் பழக்கம். செய்கிறவர்கள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு சொல்வார்கள், சிலவற்றைச் சொல்லாமலே வைத்திருப்பார்கள். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதை.

ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். பல பழைய குடங்களில் கழுத்தைச் சுற்றிப் போகும் கோடு முழு வட்டமாகச் சேராது, ஒரு சிறு இடைவெளி விட்டிருக்கும். 1879-இல் ஜூனிக்குப் போய் அங்கேயே சில ஆண்டுகள் வாழ்ந்த மானிடவியலாளர் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குடம் முடிந்ததும் அதற்கு உயிருண்டு என்பது அங்குள்ள பெண்களின் நம்பிக்கை. கோட்டை மூடிவிட்டால் அந்த உயிரின் வழி அடைபட்டுவிடும். சுடும்போது பானை வெடித்து எழுப்பும் ஓசையை உயிர் பிரியும் குரலாகவே அவர்கள் கேட்டார்கள் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு தண்ணீர்க்குடத்தின் ஓவியம் நியூ மெக்சிகோவின் மாநிலக் கொடியிலேயே இருக்கிறது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு வட்டமும், நான்கு திசைகளிலும் நான்கு நான்கு கதிர்களுமாக இருக்கும் அந்தச் சூரியன், ஸியாவில் 19-ஆம் நூற்றாண்டில் செய்த ஒரு குடத்திலிருந்து எடுத்தது. ஹாரி மேரா என்பவர் வடிவமைக்க, 1925-இல் அது அதிகாரபூர்வக் கொடியானது. ஸியா மக்களுக்கு அது புனிதச் சின்னம். தங்களிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவர்கள் பல முறை சொல்லியிருக்கிறார்கள், அது நியாயமான மனக்குறை என்றே நினைக்கிறேன்.

தண்ணீர்க்குடத்தின் அன்றாட வாழ்க்கையை மாற்றியது ரயில். 1880-ஐ ஒட்டி இருப்புப்பாதை நியூ மெக்சிகோவுக்குள் வந்தது, அதோடு தகர வாளியும் எனாமல் பாத்திரமும் வந்தன. வாளி உடையாது, அதைச் செய்ய வாரக்கணக்கில் உழைக்க வேண்டியதும் இல்லை. அதே ரயிலில் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகச் சின்னப் பானைதான் அவர்களுக்கு வேண்டும். இன்னொரு பக்கம், 1879-இலிருந்து அமெரிக்காவின் அருங்காட்சியக, ஆய்வு அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக வந்த குழுக்கள் ஜூனி முதலிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பானைகளை வாங்கி வண்டியேற்றின. அவை பத்திரமாக இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பழைய குடங்கள் வீட்டில் இல்லாமல் ஒரு தலைமுறை வளர வேண்டியிருந்தது.

தொழில் அழியவில்லை. ஹோப்பிப் பகுதியில் நம்பேயோ என்ற குயவர், சிக்யாட்கி என்ற பாழடைந்த பழைய ஹோப்பி ஊரின் பானை வடிவங்களை மீட்டெடுத்தார். சான் இல்டெஃபான்சோவின் மரியா மார்ட்டினேஸும் கணவர் ஹூலியனும் 1919 வாக்கில், கறுப்பின்மேல் மங்கலான கறுப்பில் வரையும் முறையைக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றார்கள். அகோமாவில் லூசி லூயிஸ் மெல்லிய கோடுகளால் குடத்தின் உடம்பு முழுவதையும் நிறைத்தார். 2001 வரை வாழ்ந்த சாண்டா கிளாராவின் மார்கரெட் டஃபோயா, கரடிப் பாதம் பதித்த மிகப்பெரிய குடங்களைத் திறந்த நெருப்பில் சுட்டு எடுத்தவர். ஜூனியில் தலையில் குடம் வைத்து, கைபிடிக்காமல், பாடிக்கொண்டு நடந்து ஆடும் பெண்கள் குழு இன்றும் உண்டு.

அமெரிக்காவில் இருப்பவர்கள் நேரில் பார்க்க நினைத்தால் அகோமாவின் ஹாக்கு அருங்காட்சியகம், ஆல்புகர்க்கியிலுள்ள புவெப்லோ பண்பாட்டு மையம், சாண்டா ஃபேயில் 1922-இலிருந்து நடந்துவரும் ஆகஸ்ட் மாதக் கைவினைச் சந்தை மூன்றும் நல்ல இடங்கள். பழைய குடமானால் உண்மையில் தண்ணீர் சுமந்ததா என்று அதுவே சொல்லிவிடும். அடிவிளிம்பு தேய்ந்து மேற்பூச்சு போயிருக்கும், உள்ளே உப்புப் படிந்து வெள்ளை வளையம் தெரியும், மொண்டு மொண்டு வாயின் உள்விளிம்பு மழுங்கியிருக்கும். புதிதாக வாங்கினால், மண்ணெடுத்துக் கையால் திரி சுற்றிச் செய்ததா, அச்சில் வார்த்ததன்மேல் வரைந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டும் விற்பனைக்கு வருகிறது, செய்தவர் மறைக்காமல் சொல்வார். வாங்கிய குடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். இன்றைய குடங்களில் பெரும்பாலானவை பார்வைக்காகச் செய்தவை. குறிப்பாக மெருகிட்ட கறுப்புக் குடத்தில் ஈரம் ஊறினால் அதன் பளபளப்பு திரும்பாது.